கஸ்பார் பார்

இந்தக் கேடயம் உங்க முழங்கால்ல இடிக்குதா சார்? கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. மேல கம்பியிலதான் வச்சேன். பைபாஸ் திருப்பத்துல முன் சீட்டு அம்மா தலையில விழப் பாத்துச்சு. அந்தம்மா என்னையத் திரும்பிப் பாத்த பார்வையில, மடியில வச்சுக்கிடுறதுதான் மரியாதைன்னு தோணிச்சு. வேம்பாருக்கு முன்னாடி எங்க ஊர் விலக்குல எறங்கிருவேன். அதுவரைக்கும்தான்.

பாக்கணுமா? பாருங்க. கண்ணாடி, நல்ல கனம். நடுவுல ஒரு மீன் போட்டிருக்காங்கல்ல, அது கெண்டை. குளத்து மீன். மேல 'கடல் காவலர்'னு எழுதிட்டு கீழ குளத்து மீனைப் போட்டிருக்காங்க. மேடையில ஒன்பது பேர் உக்காந்திருந்தாங்க, ஒன்பது பேரும் மீனுக்குப் படிச்சவங்க. ஒருத்தரும் ஒன்னும் சொல்லல. நானும் சொல்லல. ஒருத்தர் கூப்பிட்டு வச்சுக் கொடுக்கும்போது குத்தம் சொன்னா நல்லாவா இருக்கும்?

பேரைப் படிங்க. ஆமா, மி. கஸ்பார். 'மி'ன்னா மிக்கேல், எங்க அப்பா. கஸ்பார் நான்தான்.

எதுக்குக் கொடுத்தாங்கன்னு கேக்கீங்க. ஒரு பொய் சொன்னதுக்குக் கொடுத்தாங்க சார். சிரிக்காதீங்க. தூத்துக்குடியில மூணு மணி நேரம் ஏசி ஹால்ல உக்காந்து கைதட்டு வாங்கிட்டு வாரேன், எனக்குச் சிரிப்பு வரல.

மொதல்ல பார்னா என்னன்னு சொல்லிருதேன். உங்க முகத்தைப் பாத்தா வேற பாரை நெனைக்கிற மாதிரி இருக்கு. இது குடிக்கிற பார் இல்ல. கடலுக்கு அடியில மணல் இருக்கும், சேறு இருக்கும், நடுவுல அங்கங்க பாறைத் திட்டு இருக்கும். அந்தத் திட்டுக்குப் பேருதான் பார். மீன் அங்கதான் குடியிருக்கும். பார் தெரியாதவன் கடல் பூரா அலையணும். தெரிஞ்சவன் போய் நின்னு தூண்டிலை இறக்குனா போதும். யாரு மொதல்ல கண்டுபிடிக்கானோ அவன் பேரு அதுக்கு வந்துரும். எங்க கடல்ல சூசை பார் இருக்கு, தொம்மை பார் இருக்கு, ஒரு பொம்பளை பேர்லகூட இருக்கு, அது ஏன்னு கேக்காதீங்க. செத்து அம்பது வருசம் ஆன ஆளு பேரை இன்னைக்கும் விடியக்காலையில பத்துப் பேர் சொல்லிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளுதான். எங்க குடும்பத்துல யார் பேர்லயும் பார் கிடையாது.

கிடையாதுன்னா, கண்டுபிடிக்காம இல்ல. எங்க அப்பா ஒன்னு கண்டுபிடிச்சாரு. நல்ல கலவாப் பார். கலவா தெரியும்ல, பெரிய வாயும் புள்ளி புள்ளியா உடம்பும், ஹோட்டல்காரங்க அடிச்சுக்கிட்டு வாங்குவாங்களே, அதுதான். அவரு அதை வெளிய சொல்லல. சொன்னா பேரு வரும், மீன் போயிரும். அவரு மீனை எடுத்துக்கிட்டு பேரை விட்டுட்டாரு.

நடுக்கடல்ல ஒரு எடத்தை எப்படித் திரும்பக் கண்டுபிடிக்கிறதுன்னு கேப்பீங்க. அதுக்குத்தான் கணியம். கரையில தெரியுற ரெண்டு அடையாளத்தை ஒன்னுக்குப் பின்னால ஒன்னு மறையுற மாதிரி வள்ளத்தைக் கொண்டு போகணும். பக்கவாட்டுல இன்னும் ரெண்டு அடையாளம் பாக்கணும். நாலும் சரியா வந்தா காலுக்குக் கீழ பார் இருக்கு. அப்பா ஆஸ்பத்திரியில கடைசியாக் கிடக்கும்போது, நர்ஸை வெளிய போகச் சொல்லிட்டு என் காதுல அதைச் சொன்னாரு. எங்க அம்மா அழுதுக்கிட்டே, "என்னலே சொன்னாரு, என்னலே சொன்னாரு"ன்னு கேட்டா. "உன்னைய நல்லாப் பாத்துக்கிடச் சொன்னாரு"ன்னேன். அவளுக்குச் சாகுற வரைக்கும் அதுல ஒரு பெருமை. அந்தக் கணியம் என்னன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. எம் பொண்டாட்டிக்கே தெரியாது.

இன்னொன்னும் சொன்னாரு. பாருக்கு மேல வள்ளம் போகும்போது சிலுவை போடணும். மீன் பிடிக்கப் போனாலும் சரி, சும்மா தாண்டிப் போனாலும் சரி. சோறு போடுற எடம்லா? எனக்கு அது பழகிப் போச்சு. நெத்தி, நெஞ்சு, ரெண்டு தோள், கை தானாப் போயிரும். கோயிலைத் தாண்டும்போது, கல்லறைத் தோட்டத்தைத் தாண்டும்போது போடுத மாதிரிதான்.

இப்படி இருக்கும்போதுதான் ஆறு வருசத்துக்கு முன்னாடி அந்த டாக்டரம்மா வந்தாங்க. பேரு செண்பகவல்லி. டாக்டர்னதும் மொத வாரம் ஊர்ல ரெண்டு பேரு மூட்டு வலின்னு போய் நின்னுட்டாங்க. அந்தம்மாவும் பொறுமையாக் கேட்டுட்டு, "நான் மீனுக்குப் படிச்சவ"ன்னு சொன்னாங்க. சொந்த ஊரு கோவில்பட்டிப் பக்கம். கரிசக்காடு. காலேஜுக்குப் போற வரைக்கும் கடலே பாத்தது கிடையாதாம். இதுல மீன் வேற சாப்பிட மாட்டாங்க. எம் பொண்டாட்டி பிரகாசி சும்மா இருப்பாளா? "சாப்பிடாதவங்களுக்கு மீன் இருந்தா என்ன, போனா என்ன?"ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டா. அதுக்கு அவங்க, "சாப்பிடாதவதான் அக்கா சரியா எண்ண முடியும்"னாங்க. பிரகாசிக்கு அன்னைக்கே அவங்களைப் பிடிச்சுப் போச்சு. வந்தா புளிக்கொழம்பு வச்சுக் கொடுப்பா.

அவங்க ஆராய்ச்சி என்னன்னா, கடல்ல ஒரு எடத்தைக் கொஞ்ச வருசம் பூட்டி வச்சா மீனுக்கு என்ன ஆகும்னு பாக்கறது. எங்க கடல்ல உள்ள தீவைச் சுத்தி சர்க்கார் தடை ஏற்கெனவே உண்டு, அது வேற. இது ஊர்க்காரங்களா ஒத்துக்கிட்டு, மிதவை கட்டி, "இதுக்குள்ள யாரும் வலையோ தூண்டிலோ போடக்கூடாது"ன்னு வைக்கிறது. நான் கேட்டேன், "பிடிக்காம விட்டா மீன் பெருகும். இதுக்கு எதுக்கும்மா படிப்பு?" அவங்க கோவப்படல. "எத்தனை வருசத்துல பெருகும், எவ்வளவு பெருகும், பெருகுனது வெளிய எவ்வளவு தூரம் வரும், அது தெரியணும் அண்ணாச்சி"ன்னாங்க. என்னைய அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாங்க.

எந்த எடத்தைப் பூட்டலாம்னு முடிவு பண்ண, அவங்களுக்குக் கடலைச் சுத்திக் காட்ட ஒரு வள்ளம் வேணும். என் வள்ளத்தைக் கேட்டாங்க. ஏன் என்னையன்னா, ஊர்ல பார் தெரிஞ்ச ஆளு நான்னு யாரோ சொல்லியிருக்கான். எங்க மச்சான் தஸ்நேவிஸாத்தான் இருக்கும். பிரகாசிக்கு அண்ணன். முப்பது வருசமா என் வள்ளம் எங்க போகுதுன்னு பாக்கறதே அவனுக்கு வேலை. நான் தெற்க போக்குக் காட்டிட்டு, ஒரு மணி நேரம் சுத்தித்தான் எங்க பாருக்குப் போவேன். அவனால அந்த மண்ணெண்ணெய் எனக்குச் செலவு.

டாக்டரம்மா கேட்டாங்க, "உங்களுக்குத் தெரிஞ்சதுலயே நல்ல பார் எது அண்ணாச்சி? கலவா நெறைய உள்ளது?"

என்ன சொல்லுவீங்க சார், நீங்களா இருந்தா? உங்க வீட்டுப் பீரோ சாவி எங்க இருக்குன்னு ஒருத்தர் நல்ல மனசோட கேட்டா சொல்லிருவீங்களா?

கிழக்க ஒரு எடம் உண்டு. வெட்டுத்தரைம்போம். ஒரு காலத்துல பெரிய பாராம். எங்க அப்பா சின்ன வயசா இருக்கும்போது சுண்ணாம்புக் காளவாசலுக்குன்னு பாறையை வெட்டி வெட்டி எடுத்துட்டாங்க. மிச்சம் நொறுங்கல்தான். அங்க தூண்டில் போட்டா தூண்டில்தான் திரும்பி வரும். நான் அதைக் காட்டிட்டேன். காட்டுனது மட்டும் இல்ல, கொஞ்சம் சேத்தும் சொன்னேன். "அப்பா இங்கதான் வள்ளம் நெறையப் பிடிப்பாரு, கலவா கண்ணுக்குட்டி தண்டி கிடக்கும்"னேன். சொல்லச் சொல்ல எனக்கே அங்க தூண்டில் போடணும் போல ஆயிப்போச்சு.

அந்தம்மா சிலிண்டரைக் கட்டிக்கிட்டு இறங்குனாங்க. அடியில அம்பது மீட்டருக்கு டேப்பை விரிச்சு வச்சு, ரெண்டு பக்கமும் உள்ள மீனை எண்ணுவாங்க. எண்ணிட்டு விட்டுருவாங்க. மேல வரும்போது ஒரு பிளாஸ்டிக் சிலேட்டுல எழுதிக்கிட்டு வருவாங்க. அன்னைக்கு எட்டிப் பாத்தேன். ஏழுன்னு எழுதியிருந்துச்சு. ஏழு மீனு. முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "ரொம்ப நல்ல எடம் அண்ணாச்சி"ன்னாங்க. அவங்க படிச்ச படிப்பு எப்பேர்ப்பட்ட படிப்புன்னு நீங்களே பாத்துக்கிடுங்க.

அப்புறம் கொஞ்ச நாள் அங்கயே போக வேண்டியதாப் போச்சு. வெட்டுத்தரைக்கு எங்க பாரைத் தாண்டித்தான் போகணும். சுத்திப் போனா ஏன் சுத்துதேன்னு கேப்பாங்க. அதனால நேராவே போவேன், முகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டு. கண்ணு அந்தப் பக்கம் போகவே போகாது. சிலுவையை மட்டும் போட்டுக்கிடுவேன். அவங்க வள்ளத்து முன்பக்கம் அணியத்துல உக்காந்து மடியில ஏதோ பெட்டியை வச்சுப் பாத்துக்கிட்டு இருப்பாங்க, நம்மளை எங்க கவனிக்கப் போறாங்க.

ஏலக்கூடத்துல ஊர்க்கூட்டம் போட்டாங்க. வெட்டுத்தரையை அஞ்சு வருசத்துக்குப் பூட்டணும்னு அந்தம்மா கேட்டாங்க. தஸ்நேவிஸ் எந்திரிச்சு, "அங்க என்ன மயித்த..."ன்னு ஆரம்பிச்சான். நான் அவன் காலை மிதிச்சேன். அவனுக்குப் புரிய ஒரு நிமிசம் ஆச்சு. அப்புறம் முகம் மாறிச்சு. "கஷ்டம்தான். எங்க வயித்துல அடிக்கிற மாதிரிதான். ஆனாலும் வருங்காலப் பிள்ளைகளுக்காக..."ன்னு முடிச்சான். கூட்டமே கையைத் தூக்கிருச்சு. ஒன்னும் இல்லாத எடத்தைத் தியாகம் பண்ணுறதுல எங்க ஊரை யாரும் அடிச்சுக்க முடியாது சார். டாக்டரம்மா கண்ணு கலங்கி எல்லாருக்கும் நன்றி சொன்னாங்க.

அன்னைக்கே இன்னொன்னும் சொன்னாங்க. திரை கட்டிப் படம் போட்டு விளக்குனாங்க. கலவா பொறக்கும்போது எல்லாம் பொட்டையாம். வளந்து பெருசானதும் அதுல சிலது ஆணா மாறுமாம். ஊரே சிரிச்சுச்சு. பிரகாசி மட்டும், "அப்ப ஆம்பளையானதும்தான் வாய் பெருசாகுதா"ன்னா. அது கிடக்கட்டும். முக்கியமானது என்னன்னா, மாசி, பங்குனி மாசத்துல பௌர்ணமிக்கு நாலஞ்சு நாளைக்கு முன்னாடி, கலவா எல்லாம் சினையோட ஒரே பார்ல வந்து கூடுமாம். அந்த நாலஞ்சு நாளும் அதுங்களுக்குப் பயமே கிடையாதாம், எதைப் போட்டாலும் வாயைத் திறக்குமாம். "அந்த நேரத்துல மட்டும் தயவுசெய்து பிடிக்காதீங்க. அப்பப் பிடிச்சா அடுத்த வருசத்தையும் சேத்துப் பிடிச்ச மாதிரி"ன்னாங்க.

நான் அதை நல்லாக் கேட்டு வச்சுக்கிட்டேன். எங்க அப்பா வருசம் பூரா மெனக்கெட்டு பாருக்குப் போனாரு, எந்த நாளு நல்ல நாளுன்னு அவருக்குச் சொல்ல ஆள் இல்ல. அறிவியல் உபயோகமானது சார், நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்.

மொத வருசம் மாசியில போனேன். அவங்க சொன்னது அச்சு அசலா அப்படியே. மூணு நாளு, மூணு ஐஸ் பெட்டி. தூண்டிலை இறக்க இறக்க ஏறுது. வயிறெல்லாம் சினை. அறுக்கும்போது பிரகாசி, "என்ன இது, எல்லாம் பிள்ளைத்தாச்சியா இருக்கு"ன்னா. "சீசன்"னேன். அடுத்த வருசம் ரெண்டு பெட்டி. எவனோ நம்ம பாரைக் கண்டுபிடிச்சுட்டானோன்னு எனக்குச் சந்தேகம். தஸ்நேவிஸ் வேற அந்தப் பக்கமா ரெண்டு தடவை போனான். அவன் எடுக்கறதுக்கு முன்னாடி நாம எடுத்துருவோம்னு பங்குனியிலயும் போனேன். மூணாவது வருசம் ஒரு பெட்டி நெறையல. நாலாவது வருசம் பதினொரு மீனு, எல்லாம் சின்னது. போன மாசியில ஒன்னு. ஒரே ஒன்னு. அது பாட்டுக்கு வந்து தூண்டிலைக் கவ்விக்கிட்டு நின்னுச்சு, துணைக்கு யாருமே இல்லாத மாதிரி.

யாரோ என் பாரைக் காலி பண்ணிட்டாங்க சார். தஸ்நேவிஸாத்தான் இருக்கும்னு நானும் நாலு வருசமாக் கண்காணிச்சுப் பாத்தேன். அவன் அங்க தூண்டில் போட்டு நான் பாக்கல. அந்த அளவுக்குக் கள்ளன்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என்ன ஆச்சுன்னு கேளுங்க. அந்த ஒன்னுமில்லாத வெட்டுத்தரை இருக்குல்ல, அங்க பாசி பிடிச்சிருக்கு, பவளம் முளைச்சிருக்கு, சின்ன மீனு வந்திருக்கு, சின்ன மீனைத் தேடிப் பெரிய மீனு வந்திருக்கு. மூணாவது வருசம் டாக்டரம்மா இறங்கிட்டு வந்து சிலேட்டைக் காட்டுனாங்க. எரநூத்திச் சொச்சம். அதுல கலவா பத்தொன்பது. என் வள்ளத்துல உக்காந்துக்கிட்டுத்தான் அதைக் காட்டுதாங்க. நான் என்ன பண்ண? "சந்தோசம்மா"ன்னேன். தஸ்நேவிஸ் என்ன பண்ணுதான்னா, மிதவைக்கு வெளிய ரெண்டு வள்ளம் தள்ளி நின்னு, உள்ள இருந்து வெளிய வர்ற மீனைப் பிடிக்கான். சட்டப்படி சரிதான். ஊர்ல பாதிப் பேரு இப்ப அங்கதான் வரிசையா நிக்கான். "நீயும் வா மாப்ளே"ங்கான். நான் போகல. நான் பொய் சொல்லி உண்டாக்குன எடத்துக்கு வெளிய நின்னு நான் பிச்சை எடுக்கணுமா?

அதுக்கு மேலதான் இந்த வருசம் வரைபடம் வந்துச்சு. அவங்க கட்டுரை வெளிநாட்டுப் புத்தகத்துல வந்திருக்கு. எழுதுனவங்க பேர்ல ரெண்டாவது பேரு என் பேரு. இங்கிலீஷுல எழுத்துக்கூட்டிப் படிச்சேன், நான்தான். உள்ள எங்க கடலோட படம், கட்டம் போட்டு. வெட்டுத்தரைன்னு இருக்க வேண்டிய எடத்துல 'கஸ்பார் பார்'னு போட்டிருக்கு. "கண்டுபிடிச்சவங்க பேரைத்தானே பாருக்கு வைப்பீங்க அண்ணாச்சி"ன்னாங்க. பிரகாசி வாசிச்சுட்டு, "உங்க பேர்லயே ஒரு பார் இருக்கே, அது போதாதாமா, ரெண்டு பார் வச்சிருக்காங்க?"ன்னா. ஊர்ல இப்ப எல்லாரும் அந்தப் பேரைத்தான் சொல்லுதான். விடியக்காலையில என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போவான், "எங்கலே?" "கஸ்பார் பாருக்கு." நான் உள்ள படுத்துக்கிட்டுக் கேக்கேன். எங்க வம்சத்துக்குக் கிடைக்காத பேரு கிடைச்சிருக்கு. அந்த மிதவைக்கு வெளிய நான்தான் தூண்டில் போடல.

அதான் இன்னைக்கு ஒரு முடிவோட போனேன். உண்மையைச் சொல்லிருவோம்னு. மனசாட்சின்னு நெனைக்காதீங்க, அதுக்கில்ல. ஆராய்ச்சிங்கறது உண்மை மேல நிக்கணும்ல? நான் சொன்னது பொய்னு தெரிஞ்சா கட்டுரை செல்லாது. கட்டுரை செல்லாதுன்னா பூட்டு செல்லாது. பூட்டைத் திறந்தா நான் மொத ஆளா உள்ள போயிருவேன், என் பேர்ல உள்ள பாருக்கு. வக்கீல்கிட்டக்கூட கேக்கல, நானா யோசிச்சது.

பொன்னாடை போத்துனாங்க. இந்தா, இந்தக் கேடயத்தைச் சுத்தியிருக்கேன்ல, இதுதான். கைதட்டுனாங்க. அப்புறம் சாப்பாடு. சாம்பார் சாதம். மீன் மாநாட்டுல மீன் கிடையாது. டாக்டரம்மா தட்டை எடுத்துக்கிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. நல்ல நேரம்னு சொல்லிட்டேன். "அம்மா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன். வெட்டுத்தரையில அன்னைக்கு மீனே கிடையாது. நல்ல பார்னு சும்மா சொன்னேன்."

அவங்க அப்பளத்தை ஒடிச்சுக்கிட்டே, "தெரியும் அண்ணாச்சி"ன்னாங்க.

"தெரியுமா?"

"மொத நாளே இறங்கிப் பாத்தேன்ல. ஏழு மீன் இருந்துச்சு. அதுல ஒன்னு வழி தப்பி வந்தது."

"பிறகு ஏன் நல்ல எடம்னீங்க?"

"எனக்கு அதுதான் நல்ல எடம். மீன் நெறைஞ்ச எடத்தைப் பூட்டினா, பூட்டுனதால வந்ததா, முன்னாடியே இருந்ததான்னு ஆயிரம் கேள்வி கேப்பாங்க. செத்துப்போன எடம் ஒன்னு வேணும்னு நாலு ஊர்ல தேடுனேன். யாரும் காட்டல. நீங்களாக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனீங்க. கட்டுரையிலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன், மீனவர் ஒருத்தர் காட்டுன, மீன் இல்லாத எடம்னு."

அந்த ஒருத்தர் நான்தான். என் பொய்யை அவங்க உண்மையாவே பயன்படுத்தியிருக்காங்க. சாதத்தைப் பிசைஞ்சேன்.

அப்பத்தான் கேட்டாங்க. "உங்க பார் எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"எந்தப் பார்?"

"வெட்டுத்தரைக்குப் போற வழியில உள்ளது. நாம பதினாலு தடவை அதைத் தாண்டியிருக்கோம். பதினாலு தடவையும் நீங்க சிலுவை போட்டீங்க. என் மடியில இருந்தது எடம் காட்டுற கருவி. பதினாலும் ஒரே எடம், பத்தடி முன்ன பின்ன."

சார், முப்பது வருசம் தஸ்நேவிஸை ஏமாத்தியிருக்கேன். பெத்த தாயை ஏமாத்தியிருக்கேன். என் கையே என்னையக் காட்டிக் கொடுத்திருக்கு.

"நீங்க அங்க இறங்கிப் பாத்தீங்களா?"ன்னேன்.

"இல்ல. நீங்க சொல்லாத எடத்துல நான் எப்படி இறங்க? வரைபடத்துலயும் போடல, கூட வேலை பாக்கற பிள்ளைகளுக்கும் சொல்லல. வெட்டுத்தரைக்குப் பூட்டு வேணும், யாரும் அதைப் பாத்துக்கிட மாட்டாங்க. ஒரு மனுசன் தாண்டும்போதெல்லாம் சிலுவை போடுற எடத்துக்கு எதுக்குப் பூட்டு? அதை அவரே பாத்துக்கிடுவாருன்னு விட்டுட்டேன்."

எனக்கு வெக்கமாப் போச்சு சார். இந்த வயசுல அப்படி ஒரு வெக்கம் நான் பட்டதில்ல. தோள்ல பொன்னாடை கிடக்கு, அதைத் தூக்கி மூஞ்சியை மூடிக்கிடலாமான்னு இருந்துச்சு. தஸ்நேவிஸ், தஸ்நேவிஸ்னு நாலு வருசமா யாரைத் தேடுனேன்? அந்தப் பார்ல என் வள்ளத்தைத் தவிர எந்த வள்ளமும் நின்னு தூண்டில் போட்டது கிடையாது.

"நல்லா இருக்கும்மா"ன்னேன். வாயில அதுதான் வந்துச்சு.

அவங்க முகம் மலர்ந்து போச்சு. "அப்ப செவ்வாய்க்கிழமை வரட்டுமா அண்ணாச்சி? ஒரே ஒரு தடவை இறங்கி எண்ணிக்கிடுதேன். மனுசன் பூட்டு போட்டுக் காத்ததையும், பூட்டு இல்லாமக் காத்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை"ன்னாங்க. எந்திரிக்கும்போது, "இன்னும் சிலுவை போடுறீங்கல்ல?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க.

"போடுதேன்"ன்னேன். அது மட்டும் பொய் இல்ல.

இன்னைக்கு வெள்ளி. செவ்வாய்க்கு நாலு நாள் கிடக்கு. இன்ஜின் ரிப்பேர்னு சொல்லலாம். சொன்னா வேற வள்ளத்துல வருவாங்க, எடம்தான் அவங்க பெட்டியிலயே இருக்கே. ஆனா நான் இல்லாம இறங்க மாட்டாங்க, அந்தம்மா அப்படி. அதுதான் ரொம்ப இடைஞ்சலா இருக்கு.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஊர்க்கூட்டம் இருக்கு. அஞ்சு வருசம் முடிஞ்சிட்டுல்லா, கஸ்பார் பாரைத் திறக்கவா வேண்டாமான்னு பேச. நான் எந்திரிச்சு, அதைத் திறக்காதீங்க, கூட இன்னொன்னையும் பூட்டுங்கன்னு சொல்லலாம். பூட்டணும்னா எடத்தைச் சொல்லணும். எடத்தைச் சொல்லணும்னா கணியத்தைச் சொல்லணும். அப்பா காதுல சொன்னதை நான் மைக்குல சொல்லணும். தஸ்நேவிஸ் மொத வரிசையில உக்காந்திருப்பான்.

பேரு என்ன வைக்கலாம்னு கேப்பாங்க. மிக்கேல் பார்னு வைக்கச் சொல்லுவேன். என் பேரை வைக்க மாட்டேன். ஏற்கெனவே ஒன்னு இருக்கு.

நீங்க கடலுக்குப் போற ஆள் இல்லையே சார்? வாயில வருதான்னு ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிடுதேன். மாதா கோயில் கோபுரத்துச் சிலுவைக்குப் பின்னால பஞ்சாயத்துத் தண்ணி டேங்க் மறையணும். வடக்க, தீவுல நிக்கிற ஒத்தப் பனை கலங்கரை விளக்கத்துக்கு எடது பக்கம் ஒரு கை அகலம் தள்ளி வரணும். ஆழம் பதினொரு பாகம், ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம். அவ்வளவுதான். அம்பது வருசம் ரெண்டு பேரு பொத்திப் பொத்தி வச்சது, சொல்லி முடிக்க அரை நிமிசம் ஆகல.

எங்க ஊர் விலக்கு வந்துட்டு. அந்தா ரோட்டோரமா வெள்ளைச் சுவர் தெரியுதுல்லா, அது எங்க கல்லறைத் தோட்டம். அப்பா அங்கதான் இருக்காரு. இந்தக் கேடயத்தைக் கொஞ்சம் பிடிங்க சார். எனக்கு வலது கை வேணும்.